பொன் வைக்கும் இடத்தில் பூ: காஞ்சி ஜரிகையும் நானோ வினையூக்கியும்

காஞ்சிபுரம் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருபவை மூன்று. கோயில், பட்டுப்புடவை, இட்லி. நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். தங்கத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் வித்தை!

வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனவர்கள் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொடாமல் திரும்புவதில்லை. வரிசையில் நின்று, படியேறி, கையை உயர்த்தித் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வருவார்கள். தொடுகிறவர் கைக்கு எட்டுவது மேற்பரப்பு மட்டும்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதே ஊரின் தறிகளில் நெய்யப்படும் ஜரிகையின் கதையும் இதுதான். கண்ணுக்குத் தெரிவது தங்கம், உள்ளே இருப்பது வேறு.

விலை உயர்ந்த உலோகத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் அது செய்யும் வேலை குறையக்கூடாது. பட்டுச் சங்கத்தில் கணக்கு எழுதுபவரும், வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பிளாட்டினத்தோடு மல்லுக்கட்டுபவரும் மண்டையை உடைத்துக்கொள்வது இந்த ஒரே கேள்வியோடுதான். நெசவாளர் ஊரில் அதன் பெயர் ஜரிகை. ஆய்வுக்கூடத்தில் அதன் பெயர் நானோ வினையூக்கி. இரண்டும் வந்த வழியைச் சேர்த்துப் பார்த்தால், 'குறைப்பது' என்ற ஒரே செயல் எப்போது சேமிப்பு, எப்போது கலப்படம் என்பதும் புரியும்.

ஜரிகைக்குள் என்ன இருக்கிறது?

கடையில் "அசல் தங்க ஜரிகை" என்று சொல்வார்கள். அந்த ஜரிகையில் தங்கம் எவ்வளவு?

தமிழக அரசின் நிறுவனமான தமிழ்நாடு ஜரிகை லிமிடெட் 1971-ல் காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது. கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தரம் மாறாத ஜரிகை கிடைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் சூரத்தையே நம்பியிருக்கக் கூடாது என்பது நோக்கம். அந்த ஜரிகைக்கு அரசு சொல்லும் கலவை இது: வெள்ளி 40 சதவீதம், தாமிரம் 35.5 சதவீதம், பட்டு 24 சதவீதம், தங்கம் 0.5 சதவீதம்.

ஆமாம், அரை சதவீதம்தான்!

ஜரிகையை 'மார்க்' கணக்கில் விற்பார்கள். ஒரு மார்க் என்பது 242 கிராம். அதில் தங்கம் 1.2 கிராம்தான் வரும். வெள்ளி ஏறக்குறைய 97 கிராம், தாமிரம் 86 கிராம், மீதி 58 கிராம் பட்டு. ஒரு சிறிய மூக்குத்தி, கம்மல் அளவு தங்கத்தை வைத்துக்கொண்டு கால் கிலோ நூலைப் பொன்னாகக் காட்டுகிறார்கள்.

செய்முறையைக் கேட்டால் இது ஆச்சரியமாக இருக்காது. உலோகத்தை முடி மாதிரி மெல்லிய கம்பியாக இழுப்பார்கள். அந்தக் கம்பியைத் தட்டி நாடாவாக்குவார்கள். நாடாவைச் சாயமேற்றிய பட்டு இழையின் மேல் நெருக்கமாகச் சுற்றுவார்கள். கடைசியில் தங்க முலாம். ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்து, உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் நல்லது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இந்த உள் இழையை வைத்துத்தான்.

இன்னொரு கணக்கும் போடலாம். தங்கம் கனமான உலோகம். ஆகவே எடையில் அரை சதவீதம் என்றால் இடத்தில் இன்னும் குறைவு. ஜரிகையில் உள்ள உலோகம் மொத்தத்தின் கன அளவில் தங்கம் 300-ல் ஒரு பங்குதான். தட்டிய நாடாவின் தடிமன் 20 மைக்ரான் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தங்கத்தை இரண்டு பக்கமும் சமமாகப் பூசினால் ஒரு பக்கத்துக்கு 30 நானோமீட்டரைச் சற்றுத் தாண்டும். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

உடனே "நம் முன்னோர்கள் அன்றைக்கே நானோ டெக்னாலஜி கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டாம்! அவர்களுக்கு அணுவைத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது வேறு. பார்வை மேல்பரப்போடு நின்றுவிடும், ஆகவே விலை உயர்ந்த பொருளை அங்கே மட்டும் வை. இது வியாபார புத்தி. இந்த புத்தி வேதியியலுக்கு வந்து சேர நெடுநாள் ஆனது.

கம்பச்சும் மின்முலாமும்

மின்சாரம் வருவதற்கு முன் ஜரிகைக்குத் தங்கம் ஏற்றிய முறை சுவையானது. முதலில் ஒரு வெள்ளிக் கோலை எடுத்து அதன் மேல் தங்கத் தகட்டைச் சுற்றிச் சூடாக்கி ஒட்டவைப்பார்கள். பிறகு கம்பச்சில் இழுப்பார்கள். கம்பச்சு என்பது வரிசையாகச் சின்னதாகிக்கொண்டே போகும் துளைகள் உள்ள இரும்புத் தகடு. பெரிய துளையில் நுழைத்து இழுத்த கோலை அடுத்த துளையில், அதற்கடுத்த துளையில் என்று இழுத்துக்கொண்டே போனால் கோல் கம்பியாகும், கம்பி முடியாகும்.

வெள்ளி நீளும்போது மேலே இருக்கும் தங்கமும் கூடவே நீண்டுகொண்டு போகும். கோலில் இருந்த விகிதம் முடி போன்ற கம்பியிலும் அப்படியே இருக்கும். தங்கம் அவ்வளவு இணக்கமான உலோகம். ஆனால் இந்த முறையில் தங்கத்தை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. தகடு ரொம்ப மெல்லியதாக இருந்தால் இழுக்கும்போது கிழிந்து வெள்ளி வெளியே தெரிந்துவிடும்.

1805-ல் இத்தாலியில் லூய்கி புருக்னதெல்லி, வோல்டாவின் மின்கலத்தை வைத்து வெள்ளியின் மேல் தங்கம் படியவைத்தார். 1840-ல் இங்கிலாந்தின் எல்கிங்டன் குடும்பத்தார் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்கி அதைத் தொழிலாக்கினார்கள். முலாம் பூசுவது இதனால் கடைசி வேலையாக மாறியது. கம்பி இழுத்து, தட்டி, சுற்றி முடித்த பிறகு தங்கக் கரைசலில் முக்கி எடுத்தால் போதும். எவ்வளவு நேரம், எவ்வளவு மின்சாரம் என்பதை வைத்து எத்தனை தங்கம் ஏற வேண்டும் என்று முடிவு செய்யலாம். குறைப்பது சுலபமானது. ஏமாற்றுவதும் கூடவே சுலபமானது!

இந்த மின்வேதியியலுக்கு இந்தியாவில் இருக்கும் பெரிய ஆய்வுக்கூடம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1948-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அது. முலாம் பூசும் வேலைக்கும், எரிபொருள் கலத்தில் பிளாட்டினம் பூசும் வேலைக்கும் அடிப்படை விஞ்ஞானம் ஒன்றே. இங்கிருந்து வினையூக்கிக்குத் தாவுவது அவ்வளவு தூரமில்லை.

கல்யாணத் தரகர்

வினையூக்கி என்றால் என்ன? கல்யாணத் தரகரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வீட்டையும் பேசவைத்து, முடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஜாதகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் காரியம் இழுத்துக்கொண்டே போகும். வேதிவினையில் அந்த வேலையைச் செய்யும் பொருள் வினையூக்கி.

1817-ல் ஹம்ப்ரி டேவி, காற்றும் எரிவாயுவும் கலந்த இடத்தில் சூடான பிளாட்டினக் கம்பியை வைத்தார். தீப்பிழம்பே இல்லாமல் கம்பி தகதகவென்று ஒளிர்ந்தது. 1823-ல் ஜெர்மனியின் டோபரைனர் இன்னும் ஒரு படி மேலே போனார். கம்பிக்குப் பதிலாகப் பஞ்சு போல நுண்துளைகள் நிறைந்த பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜனைப் பீய்ச்சினார். அறை வெப்பத்திலேயே பற்றிக்கொண்டது! தீக்குச்சி பரவலாக வருவதற்கு முன் இந்த 'டோபரைனர் விளக்கு' ஐரோப்பிய வீடுகளில் நெருப்புப் பற்றவைக்கப் பயன்பட்டது. இந்த வகை நிகழ்ச்சிகளுக்கெல்லாம் சேர்த்து 1835-ல் சுவீடனின் பெர்சீலியஸ் ஒரு பெயர் வைத்தார். அதைத்தான் தமிழில் வினையூக்கம் என்கிறோம்.

கம்பி சூடானால்தான் வேலை செய்தது, பஞ்சு சும்மாவே வேலை செய்தது. உலோகம் ஒன்றே, வடிவம்தான் வேறு. பஞ்சுக்கு மேற்பரப்பு அதிகம், வினை நடப்பதும் மேற்பரப்பில்தான். உள்ளே புதைந்து கிடக்கும் பிளாட்டின அணுவுக்கு வெளியே என்ன நடக்கிறது என்றே தெரியாது. 1925-ல் ஹியூ டெய்லர் இன்னும் நறுக்கென்று சொன்னார். மேற்பரப்பில்கூட எல்லா இடமும் வேலை செய்வதில்லை, சில குறிப்பிட்ட இடங்களே வேலை செய்கின்றன என்றார்.

அப்படியானால் உள்ளே இருக்கும் அணுக்கள்? வேலை செய்யாமல் சம்பளம் வாங்குபவை. வணிகவியலில் முடங்கிய மூலதனம் என்று சொல்வது இதைத்தான்.

ஒரு கிராம் தங்கத்தின் கணக்கு

ஒரு கிராம் தங்கத்தை ஒரு சின்னக் கனசதுரமாகச் செய்தால் ஒரு பக்கம் 3.7 மில்லிமீட்டர் வரும். ஆறு முகங்களையும் சேர்த்தால் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் கீழே. சுண்டுவிரல் நகம் அளவு. அதில் இருக்கும் அணுக்களில் பல லட்சத்தில் ஒன்றுதான் வெளியே தலைகாட்டும்.

அதே ஒரு கிராமை 5 நானோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைகளாக்கினால் மொத்தப் பரப்பு 62 சதுர மீட்டர்! நம் கணக்கில் ஏறக்குறைய 670 சதுர அடி. ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டின் தரை முழுவதும். 2 நானோமீட்டர் வரை குறைத்தால், துகளில் உள்ள அணுக்களில் பாதிக்கு மேல் மேற்பரப்புக்கு வந்துவிடும்.

ஒரு குந்துமணி கூடத் தங்கம் கூடவில்லை. நகம் அளவு இருந்தது வீடு அளவு ஆகிவிட்டது. நானோ வினையூக்கியின் பொருளாதாரம் மொத்தமும் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடுகிறது.

இதைப் பெரிய அளவில் தெருவுக்குக் கொண்டுவந்தது கார். 1975 முதல் அமெரிக்கக் கார்களின் புகைக்குழாயில் வினையூக்கி மாற்றி பொருத்தினார்கள். தேனடை போன்ற பீங்கான் துண்டு, அதன் மேல் அலுமினா பூச்சு, அந்தப் பூச்சில் தூவியது போல சில கிராம் பிளாட்டினம், பல்லேடியம், பின்னாளில் ரோடியம். கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சுப் புகை அதன் வழியாகப் போகும்போது தீங்கு குறைந்த வாயுவாக மாறும். இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. ஈயம் இந்த வினையூக்கியைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது.

உலகின் பிளாட்டினத்தில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்கா என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது. அங்கே சுரங்கத்தில் ஒரு வேலைநிறுத்தம் என்றால் இங்கே விலை ஏறும். ஆகவே உலோகத்தைக் குறைப்பது கார் நிறுவனங்களுக்கு வாழ்வா சாவா பிரச்சினை.

சோம்பேறித் தங்கம் விழித்துக்கொண்டது

தங்கம் எதனோடும் ஒட்டாது, துருப்பிடிக்காது. அதனால்தான் நகையாகிறது, ஜரிகையின் மேல் ஏறுகிறது. அதே காரணத்தால் வினையூக்கியாக அது உதவாது என்று நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

1980-களில் ஜப்பானின் ஒசாகாவில் மசதாகே ஹருதா தங்கத்தை 5 நானோமீட்டருக்கும் சின்னத் துகள்களாக்கி உலோக ஆக்சைடுகளின் மேல் பதித்தார். 1987-ல் அவர் குழு வெளியிட்ட முடிவு பலரை நிமிர்ந்து உட்காரவைத்தது. பூஜ்யம் டிகிரிக்கும் வெகு கீழே, கடுங்குளிரில்கூட, அந்தத் தங்கம் கார்பன் மோனாக்சைடை எரித்தது. கட்டியாக இருந்தால் சோம்பேறி, துகளானால் சுறுசுறுப்பு! வெறும் பரப்பு கூடியது மட்டும் இதற்குக் காரணமில்லை. அவ்வளவு சின்ன அளவில் ஓரங்களும் மூலைகளும் பெருகுகின்றன, தாங்கி நிற்கும் ஆக்சைடும் வினையில் பங்கெடுக்கிறது. குறைத்ததால் புதிதாக ஒரு குணமே பிறந்தது.

தமிழ்நாட்டிலும் இந்தக் கதைக்கு ஒரு அத்தியாயம் உண்டு. 2003-ல் பாட்டில் தண்ணீரிலும் குளிர்பானங்களிலும் பூச்சிக்கொல்லி மருந்து இருப்பதாக டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் அறிக்கை வெளியிட்டு நாடே அல்லோலகல்லோலப்பட்டது. அதே 2003-ல் சென்னை ஐஐடியில் பேராசிரியர் டி. பிரதீப்பும் அவர் மாணவரும் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வெள்ளி, தங்க நானோ துகள்கள் கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற குளோரின் சேர்மங்களை அறை வெப்பத்திலேயே உடைத்துவிடுகின்றன என்பது அதன் சாரம். கட்டி வெள்ளி செய்யாத வேலை இது. அந்த வழியில் போய் எண்டோசல்ஃபான், குளோர்பைரிஃபாஸ் போன்ற பூச்சிக்கொல்லிகளை நீக்கும் முறை உருவானது. 2007-ல் அது வீட்டுத் தண்ணீர் வடிகட்டியாகச் சந்தைக்கும் வந்தது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வெள்ளி இந்த வினைகள் சிலவற்றில் தானும் வெள்ளி குளோரைடாக மாறிச் செலவாகிவிடுகிறது. ஆகவே கல்யாணத் தரகர் உவமை முழுதாகப் பொருந்தாது. ஆனாலும் பாடம் அதேதான். துளி வெள்ளியைச் சரியான அளவில், சரியான இடத்தில் வைத்தால் ஒரு குடும்பம் குடிக்கும் தண்ணீரைச் சுத்தம் செய்யலாம்.

உள்ளே வேறு, வெளியே வேறு

ஹைட்ரஜனில் ஓடும் எரிபொருள் கலங்கள் பலவற்றுக்குப் பிளாட்டினம் தேவை. அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் ராடோஸ்லாவ் அட்ஜிச் என்பவரின் குழு 2000-களில் ஒரு யோசனை செய்தது. உள்ளே இருக்கும் பிளாட்டினம்தான் சும்மா இருக்கிறதே, அங்கே வேறு உலோகத்தை வைத்தால் என்ன? பல்லேடியத் துகளை உள்ளே வைத்து, வெளியே ஒரே ஒரு அணு தடிமனில் பிளாட்டின உறை போட்டார்கள்.

காஞ்சிபுரத்தில் இதைச் சொன்னால் யாரும் அசந்துபோக மாட்டார்கள். பட்டின் மேல் தாமிரமும் வெள்ளியும், அதன் மேல் தங்கம். "இது ஜரிகைதானே" என்பார்கள்!

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஜரிகையில் உள்ளே இருக்கும் உலோகம் வெளியே இருக்கும் தங்கத்தின் நிறத்தை மாற்றாது. வினையூக்கியில் உள்ளே இருக்கும் பல்லேடியம் வெளியே இருக்கும் பிளாட்டினத்தின் குணத்தைக் கொஞ்சம் மாற்றுகிறது. சரியான ஜோடி அமைந்தால் வேலை கூடுகிறது. தவறான ஜோடி என்றால் குறைகிறது. மலிவானது எதுவோ அதை உள்ளே போட்டு மூடிவிட முடியாது.

2011-ல் சீனாவின் டாலியனில் ஜாங் தாவோ குழு எல்லைக்கே போய்விட்டது. இரும்பு ஆக்சைடின் மேல் பிளாட்டினத்தைத் தனித்தனி அணுவாக உட்காரவைத்தார்கள். ஒரு அணுவுக்கும் அடுத்ததற்கும் தொடர்பில்லை. ஒவ்வொன்றும் வேலை செய்கிறது. இதற்கு மேல் பிரிக்க முடியாது. கம்பச்சின் கடைசித் துளை இதுதான்.

குறைத்தால் வரும் தொல்லை

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் அணு அணுவாகப் பிரித்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல்.

சின்னத் துகள்கள் தனியாக இருக்க விரும்புவதில்லை. சூடு ஏறினால் நகர்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, பெரிய உருண்டையாகிவிடும். சட்டியில் சிதறிய எண்ணெய்த் துளிகள் சேர்ந்துகொள்வது மாதிரி. பரப்பு போய்விடும். கார்ப் புகையின் சூட்டில் இது வேகமாக நடக்கும். அதனால் முதலிலேயே தேவைக்கு மேல் உலோகத்தைப் போட்டுவைப்பார்கள்.

2002-ல் ஜப்பானின் டைஹட்சு கார் நிறுவன ஆய்வாளர்கள் இதற்கு அழகான தீர்வு சொன்னார்கள். பெரோவ்ஸ்கைட் என்ற படிகத்துக்குள் பல்லேடியத்தை வைத்தார்கள். எஞ்சின் புகையில் ஆக்சிஜன் கூடுவதும் குறைவதும் இயல்பு. கூடும்போது பல்லேடியம் படிகத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். குறையும்போது சின்னத் துகளாக வெளியே வரும். உள்ளே போய்வந்துகொண்டே இருப்பதால் ஒன்றுசேர்ந்து பெரிதாக நேரமில்லை. குறைவான உலோகம் நெடுநாள் உழைத்தது.

ஜரிகைக்கும் இதே நோய் வேறு பெயரில் உண்டு. தங்கப் பூச்சு தேய்ந்தால் கீழே இருக்கும் வெள்ளி காற்றில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கும். பீரோவில் இருந்து எடுத்த புடவையின் முந்தி மங்கியிருப்பதைப் பார்த்து வருத்தப்படாத வீடு உண்டா? எவ்வளவு மெல்லியதாகப் பூசலாம் என்பதை இரண்டு இடத்திலும் தீர்மானிப்பது ஒன்றுதான். எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்ற கேள்வி.

சேமிப்பா? கலப்படமா?

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பதிவில் சொல்லப்பட்ட ஜரிகையில் வெள்ளி 57 சதவீதம், தங்கம் 0.6 சதவீதம். இப்போது அரசு ஜரிகையின் கலவை 40 சதவீதமும் 0.5 சதவீதமும். ஒரு மார்க்குக்கு 41 கிராம் வெள்ளி குறைந்திருக்கிறது. அந்த இடத்தில் தாமிரம் வந்திருக்கிறது.

இது ஏமாற்றா? இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கலவை வெளிப்படையாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2011-லும் 2025-லும் வெள்ளி விலை போன போக்கைப் பார்த்தவர்களுக்குக் காரணமும் புரியும். ஜரிகை விலை ஏறினால் சங்கத்தின் பணமெல்லாம் ஜரிகையில் முடங்கும். புடவை விலை ஏறும், விற்பனை படுக்கும். அடுத்து தறி நிற்கும். நெசவாளருக்குப் பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுப்பார்கள், நெய்து வந்த புடவையை எடை போட்டு வாங்குவார்கள். உலோகத்தில் ஒரு குந்துமணி கூட அவருக்குச் சொந்தமில்லை. அவருக்குக் கிடைப்பது கூலி. ஆனால் உலோகத்தின் விலை ஏறினால் முதலில் வேலை இழப்பவர் அவர்தான். ஆகவே உலோகத்தை அளவாகக் குறைப்பது அவர் தறியை ஓடவைக்கும் வழியாகவும் இருக்கலாம்.

கடைத்தெருவில் 'டெஸ்டட் ஜரிகை', 'ஹாஃப் ஃபைன் ஜரிகை' என்று மலிவான வகைகள் இருக்கின்றன. பாலியெஸ்டர் இழையின் மேல் தாமிரமோ பிளாஸ்டிக் பூச்சோ இருக்கும். அதை அதுவாகச் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் தப்பே இல்லை. கல்லூரி விழாவுக்கு ஒருநாள் கட்டிக்கொள்ள அது போதும். அதையே அசல் ஜரிகை என்று சொல்லி அசல் விலைக்கு விற்கும்போதுதான் அது கலப்படம். பட்டு அசலா என்று சொல்ல 2004-ல் வந்த சில்க் மார்க் இருக்கிறது, ஆனால் அந்த முத்திரை ஜரிகையைப் பற்றி எதுவும் சொல்லாது. பலருக்கு இது தெரியாது.

வினையூக்கியில் இந்த மாதிரி ஏமாற்று நெடுநாள் நிற்காது. உலோகம் போதவில்லை என்றால் வினை நடக்காது, புகையைச் சோதித்தால் தெரிந்துவிடும். புடவை அப்படிப் பேசாது. முப்பது வருஷம் கழித்து, "பழைய பட்டுப்புடவை வாங்கறது" என்று தெருவில் கூவிக்கொண்டு வருபவர் வந்து, ஜரிகையை எரித்து வெள்ளி எடுக்கும்போதுதான் உண்மை வெளிவரும். கல்யாணத்தன்று கொடுத்த விலைக்கு அன்றைக்குத்தான் ரசீது கிடைக்கும்!

இப்போது எரிக்கத் தேவையில்லை. எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று நிமிடங்களில் சொல்லும் கருவிகள் நகைக்கடைகளிலேயே வந்துவிட்டன. உரைகல்லின் இன்றைய வடிவம் அது. புடவைக்கும் அதைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

பூவும் பொன்னும்

'பொன் வைக்கும் இடத்தில் பூ வைப்பது' என்று நம் பக்கம் சொல்வார்கள். வசதி இல்லாதவர் சீர் செய்யும்போது தங்கத்துக்குப் பதில் ஒரு பூவை வைப்பார். சபையில் யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. ஏனென்றால் வைத்தவர் அதைப் பொன் என்று சொல்லவில்லை. எல்லோர் கண் எதிரிலும் பூவாகவே வைத்தார்.

இருநூறு ஆண்டு வேதியியலும் இதைத்தான் செய்திருக்கிறது. கந்தக அமிலம் தயாரிக்க 1831-ல் பிளாட்டினத்தைச் சொன்னார்கள், இருபதாம் நூற்றாண்டில் அந்த இடத்துக்கு வனேடியம் ஆக்சைடு வந்தது. விலையும் குறைவு, ஆர்செனிக் நச்சையும் அதிகம் தாங்கியது. பிளாட்டினக் கம்பி பஞ்சானது, பஞ்சு துகளானது, துகள் அணுவானது. ஒவ்வொரு முறையும் "இவ்வளவு குறைத்தோம், வேலை இவ்வளவு நடக்கிறது" என்று எண்களோடு சபையில் வைத்தார்கள். அதனால் அடுத்தவர் அதைச் சோதிக்க முடிந்தது, அதற்கு மேலும் குறைக்க முடிந்தது.

காஞ்சிபுரத்து ஜரிகையிலும் இனி உலோகம் குறையலாம். தங்கம், வெள்ளி விலை போகிற போக்கில் அது நடக்காமல் இருக்காது. எவ்வளவு குறைந்தது, மிச்சமான பணம் யாருக்குப் போனது, அதில் தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஏதாவது வந்ததா என்பதைக் கணக்கு எழுதிக் காட்டினால் போதும்.

அடுத்த முறை வீட்டில் கல்யாணப் பட்டு எடுக்கப் போகும்போது, நிறம், பார்டர், விலை எல்லாம் பார்த்து முடித்த பிறகு கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "அண்ணே, இந்த ஜரிகையில வெள்ளி எத்தனை சதவீதம்?" எழுத்தில் பதில் வந்தால் தாராளமாக வாங்கலாம்.